நம்பி: யார் வீட்டுப் பெயர்?

பூந்தமல்லியிலே வரதராசப் பெருமாளுக்கு ஒரு கோயில் உண்டு. பெருமாளுக்கென எழுந்த கோயில்தான். எனினும், திருக்கச்சி நம்பி கோயில் என்றால்தான் பலருக்கு விளங்கும். ஆண்டவன் பெயரை அடியவன் பெயர் பின்னுக்குத் தள்ளிவிட்ட விந்தை அங்கே நடந்திருக்கிறது. கோயிலைப் பற்றி எழுத வந்தேனில்லை, தோழர்களே! அந்தக் கோயிலுக்குள்ளே நெடுங்காலமாகச் சிறைப்பட்டுக் கிடக்கும் ஒரு சொல்லைப் பற்றி எழுத வந்தேன். நம்பி என்பது அந்தச் சொல்.

பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் தோழர்களிலே சிலர், இந்தப் பெயரைக் கண்டதும் முகம் சுளிக்கின்றனர். "நம்பியா? அது அர்ச்சகர் வீட்டுப் பெயராயிற்றே! திருமண்ணும் துளசியும் மணக்கிறதே!" என்கின்றனர். வேறு சிலர் வேடிக்கையாகக் கேட்கின்றனர்: "எதையும் ஆராய்ந்து பார் என்று ஊருக்கு உரைக்கும் பகுத்தறிவாளன், தன் மகனுக்கு நம்பி என்று பெயரிடலாமா? நம்பிக் கெட்டவன் என்றல்லவா எதிரி ஏளனம் செய்வான்!" கேள்வியிலே சுவை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சொல்லின் வரலாறு வேறு கதை கூறுகிறது.

நம்பு என்ற சொல்லுக்கு, ஐயுறாது ஏற்றுக்கொள் என்று இன்று நாம் பொருள் கொள்கிறோம். தொல்காப்பியர் தமது உரியியலிலே அந்தச் சொல்லுக்குத் தரும் பொருள் அதுவன்று. நசை, அதாவது விருப்பம், என்பதே அவர் காட்டும் பொருள். அந்த வழியிலே பார்த்தால், நம்பி என்பவன் கண்ணை மூடிக்கொண்டு பிறரை நம்பியவன் அல்லன், பிறரால் விரும்பப்படுபவன். அகராதிகளும் ஆடவருள் சிறந்தவன் என்றே அதற்குப் பொருள் எழுதுகின்றன. பெண்பாலிலே அதற்கு இணை நங்கை. விளிக்கும்போது நம்பி என்பது நம்பீ என்றும், நங்கை என்பது நங்காய் என்றும் ஆகும் என்று இலக்கண உரைகள் எடுத்துக்காட்டுகின்றன. அந்த எடுத்துக்காட்டிலே குலமும் இல்லை, கோயிலும் இல்லை. தமிழ் பேசும் ஆண் ஒருவன், தமிழ் பேசும் பெண் ஒருத்தி, அவ்வளவே.

இன்னொரு வழியும் கூறுவர். என் இளையவன் எம்பி. உன் இளையவன் நும்பி. அவன் இளையவன் தம்பி. இந்த வரிசையிலே நம் இளையவன், நம்மவன், நம்பி ஆனான் என்பது அவர்கள் கருத்து. எம்பியும் நும்பியும் ஏட்டோடு நின்றுவிட, தம்பி மட்டும் தெருவுக்கு வந்தான். இன்று முன்பின் தெரியாத இளைஞனைக்கூடத் தம்பி என்கிறோம். அண்ணா அவர்கள் தமது ஏட்டிலே வாரந்தோறும் கடிதம் எழுதியதும் தம்பிக்குத்தானே! இரண்டு வழிகளிலே எது சரி என்று அறுதியிட்டுக் கூற நான் இலக்கணப் புலவனல்லேன். எனக்கு நசை என்னும் வழியே பொருத்தமாகப் படுகிறது. எந்த வழியைக் கொண்டாலும் மூட நம்பிக்கைக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை என்பது மட்டும் உறுதி.

இனி, வரலாற்றிலே இந்தப் பெயரைத் தாங்கியவர்களைப் பார்ப்போம்.

புறநானூற்றின் 239-ஆம் பாட்டு, நம்பி நெடுஞ்செழியன் என்னும் மன்னன் இறந்தபோது பேரெயின் முறுவலார் பாடியது. இறந்தவனைப் பற்றிய பாட்டு. ஆனால் அழுகை இல்லை. அவன் வாழ்ந்த வாழ்வைப் புலவர் அடுக்கிக்கொண்டே போகிறார். மகளிரோடு மகிழ்ந்தான், பூச் சூடினான், சாந்து பூசினான், பகைவரை அழித்தான், நண்பரை உயர்த்திப் பேசினான். வலியவர் என்பதற்காக எவரையும் பணிந்ததில்லை. எளியவர் என்பதற்காக எவரிடமும் இறுமாந்ததில்லை. பிறரிடம் கை நீட்டியதில்லை. தன்னிடம் கை நீட்டியவருக்கு இல்லை என்றதில்லை. பாணரின் பசி தீர்த்தான். மயக்கும் சொல் பேசாதிருந்தான். செய்யத்தக்கவற்றையெல்லாம் செய்துவிட்டான், ஆகவே அவன் உடலைப் புதைத்தால் என்ன, எரித்தால் என்ன, எதுவேனும் ஆகட்டும் என்று முடிக்கிறார் புலவர்.

தோழர்களே, இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மேலுலகம் பற்றி அங்கே பேச்சில்லை. சடங்கு எதுவானால் என்ன என்கிறார்! ஒரு மனிதனை நம்பி ஆக்கியது எது? அவன் பிறந்த குலமா? பாட்டிலே குலப் பெருமையைத் தேடிக் காணோம். அவன் தொழுத தெய்வமா? தெய்வத்தின் பெயரும் இல்லை. வலியவனிடம் வளையாமை, எளியவனிடம் எகிறாமை: இவையல்லவா அங்கே அளவுகோல்! நாம் அறிந்தவற்றுள் மிகப் பழைய நம்பிகளிலே ஒருவன் இவன்.

சில நூற்றாண்டுகள் கழிகின்றன. பக்தி இயக்கம் நாட்டைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது எழுகிறான் இன்னொரு நம்பி. திருநாவலூரிலே ஆதிசைவர் குடியிலே பிறந்த நம்பி ஆரூரர். இந்தப் பெயரைச் சொன்னால், யார் அவர் என்று கேட்பவரே பலர். சுந்தரமூர்த்தி நாயனார் என்றால் உடனே விளங்கிவிடும்! பெற்றவர் இட்ட தமிழ்ப் பெயர் ஏட்டிலே உறங்குகிறது. பின்னே ஏறிய வடமொழிப் பெயர் ஊர்வலம் வருகிறது. ஆரூரன் என்று தம் பாட்டுகளிலே தம்மைக் குறித்துக்கொண்டவரை, அந்தப் பெயரால் அழைக்க இன்று ஆளில்லை.

இந்த நம்பிக்கும் மேற்குச் சென்னைக்கும் தொடர்பு உண்டு. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலே, இன்று ஆவடி மாநகராட்சிக்குள் அடங்கிய திருமுல்லைவாயிலுக்கு அவர் வந்து பாடியிருக்கிறார். வந்த நிலை இரங்கத்தக்கது. திருவாரூரிலே கணிகையர் குலத்துப் பரவையை மணந்தவர், திருவொற்றியூரிலே ஞாயிறு என்னும் ஊர் வேளாளர் மகள் சங்கிலியையும் மணந்தார். பிரியேன் என்று வாக்களித்தார். வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். கண்ணொளி இழந்தார் என்பது பெரியபுராணம் கூறும் கதை. பார்வை இழந்த அந்த நிலையிலேதான் திருமுல்லைவாயில். அடுத்து, ஊன்றுகோல் பெற்ற திருவெண்பாக்கம். அந்தப் பழைய திருவெண்பாக்கம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடியிலே இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தர 1944-இலே கட்டி முடித்த தேக்கம் ஊரை விழுங்க, கோயிலை வேறிடத்திலே எழுப்பினர். கோல் கொடுத்த கடவுள் அணை கட்டிய பொறியாளருக்கு இடம் விட்டு ஒதுங்கினார். நகரம் நீர் குடிக்கிறது.

சாதி கடந்து மணந்தார் நம்பி ஆரூரர் என்று கூறிப் பெருமைப்படுவாரும் உண்டு. பெருமைப்படுமுன், திருவொற்றியூரிலே விடப்பட்ட சங்கிலியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இழந்த கண்ணைத் திருப்பிக் கொடுத்த கதை, இழந்த கணவனைப் பற்றி அவ்வளவு அக்கறை காட்டவில்லை. ஆடவருள் சிறந்தவன் என்னும் பெயருக்கு இந்த இடத்திலே ஒரு கறை. கதையை எழுதிய சேக்கிழாரோ, பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர்.

இப்போது மீண்டும் பூந்தமல்லி. பழைய ஏடுகளும் பக்தர்களும் பூவிருந்தவல்லி என்று எழுதும் ஊர். பதினோராம் நூற்றாண்டிலே அங்கே வணிகர் குலத்திலே பிறந்தவர் திருக்கச்சி நம்பி. கச்சி என்றால் காஞ்சி. காஞ்சியிலே தொண்டு செய்த நம்பி என்பதால் அந்தப் பெயர். பூந்தோட்டம் வைத்துப் பூவைப் பறித்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ள காஞ்சிக்கு நாள்தோறும் கொண்டு சென்றாராம். நாள்தோறும் என்பதைப் புராணக் கணக்கு என்று விட்டுவிடுவோம். காஞ்சிப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவது அவர் பணி. வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவாராம். ஒருநாள், எனக்கு வீடுபேறு உண்டா என்று நம்பி கேட்க, நீ வீசினாய், நான் பேசினேன், கணக்குச் சரியாகிவிட்டது என்ற பொருளிலே பெருமாள் கைவிரித்தாராம். ஆயுள் முழுதும் உழைத்தவனுக்குக் கூலி பேச்சு! முதலாளிகள் பலரை அம்பத்தூர்த் தொழிற்பேட்டைத் தோழர்கள் கண்டிருப்பர். இவ்வளவு சிக்கனமான முதலாளியைக் கண்டிருக்க மாட்டார்கள்.

அந்த நம்பியிடம் பெருமதிப்புக் கொண்டவர் இராமானுசர். பார்ப்பனர் குலத்திலே பிறந்தவர். ஆயினும் வணிகர் குலத்து நம்பியைத் தம் குருவாகக் கருதினார். அவர் உண்ட மிச்சிலை உண்ண வேண்டும் என்று விரும்பி விருந்துக்கு அழைத்தார். அழைத்துவர இராமானுசர் ஒரு தெரு வழியே செல்ல, நம்பி வேறு தெரு வழியே வந்து, உண்டு, பணிக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். திரும்பி வந்த இராமானுசர் கண்டது என்ன? மனைவி தஞ்சமாம்பாள் மிஞ்சியதை வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, இடத்தைச் சாணத்தால் மெழுகி, தலை முழுகி, புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தார். பார்ப்பனர் அல்லாதார் ஒருவர் உட்கார்ந்து உண்ட இடமல்லவா!

அந்த அம்மையார்மீது பழி சுமத்திக் கதையை முடிப்பது வைணவ நூல்களின் வழக்கம். அவர் செய்தது என்ன? அவருக்குக் கற்பிக்கப்பட்டதைச் செய்தார். சாத்திரம் எழுதியவர்கள் தப்பித்துக்கொண்டனர். சாணம் கரைத்தவர்மீது குற்றம்!

இதனினும் கூர்மையான செய்தி அடுத்து வருகிறது. தம் ஐயங்களைப் பெருமாளிடம் கேட்டுச் சொல்லுமாறு நம்பியை வேண்டினார் இராமானுசர். பெருமாள் ஆறு விடைகள் தந்தார் என்பது வைணவ மரபு. ஆறாவது விடை என்ன தெரியுமா? பெரிய நம்பியைக் குருவாகக் கொள் என்பது! பெரிய நம்பி திருவரங்கத்துப் பார்ப்பனர். அவரை மதுராந்தகத்திலே கண்டு இராமானுசர் தீட்சை பெற்றார். ஆக, அருகிலேயே இருந்த பூந்தமல்லி நம்பி குருவாகவில்லை. தொலைவிலிருந்து வந்த நம்பி குருவானார். அந்த ஆணையைச் சுமந்துவந்து சொன்னவரோ, அதே பூந்தமல்லி நம்பி!

இவையெல்லாம் நடந்தனவா என்று கேட்பீர்கள். குருபரம்பரை நூல்கள் வரலாற்று ஏடுகள் அல்ல. இராமானுசர் காலத்துக்குப் பின்னர் எழுதப்பட்டவை. எனினும் வரலாற்று மாணவனுக்கு அவை பயன்படும். கடவுளை வாய் திறந்து பேசவைக்க அந்த ஆசிரியருக்கு அச்சமில்லை. பார்ப்பனர் ஒருவரை, வணிகரின் மிச்சிலுக்கு ஏங்க வைக்கவும் துணிந்தார். ஆனால் அந்த வணிகரின் கையால் தீட்சை பெறவைக்க மட்டும் அவருக்குத் துணிவு வரவில்லை. அற்புதம் எழுதத் தெரிந்த எழுத்தாணி, சாதியின் வேலிக்கு முன்னே நின்றுவிட்டது.

பெரிய நம்பியை எதிரியாகக் கருதிவிட வேண்டாம். அவர் செய்த ஒன்றைச் சொல்லாவிடில் நேர்மையாகாது. மாறனேர் நம்பி என்று ஒருவர் இருந்தார். தாழ்த்தப்பட்ட குலத்திலே பிறந்து, பெரிய நம்பியோடு ஆளவந்தாரிடம் பாடம் கேட்டவர். தாம் இறந்தபின் தம் உடலை நீரே அடக்கம் செய்ய வேண்டும் என்று பெரிய நம்பியிடம் கேட்டுக்கொண்டார். பெரிய நம்பி சொன்ன சொல் தவறாமல், பார்ப்பனர்க்குச் செய்யும் முறையிலேயே இறுதிக் கடன் செய்தார். திருவரங்கத்து வைதிகர் கொதித்தெழுந்து அவரை ஒதுக்கிவைத்தனர். இராமானுசரே வந்து, இப்படிச் செய்யலாமா என்று கேட்டபோது, கழுகாகிய சடாயுவுக்கு இராமன் கடன் செய்யவில்லையா, நான் இராமனிலும் உயர்ந்தவனா, இவர் சடாயுவிலும் தாழ்ந்தவரா என்று பெரிய நம்பி திருப்பிக் கேட்டார் என்பர். வைதிகத்தின் ஆயுதத்தையே எடுத்து வைதிகத்தை மடக்கிய வாதம். தாழ்த்தப்பட்ட மனிதனை ஒரு பறவையோடு ஒப்பிட்டுத்தான் அவன் மனிதன் என்று நிறுவ வேண்டியிருந்தது என்பதிலே அந்தக் காலத்தின் கொடுமை தெரிகிறது. ஆயினும் செய்கை, செய்கைதான்.

இங்கேதான் நம் சொல்லின் சிறப்பு விளங்குகிறது. வணிகர் கச்சி நம்பி. பார்ப்பனர் பெரிய நம்பி. தாழ்த்தப்பட்டவர் மாறனேர் நம்பி. மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர், ஒரே ஆசிரியரைப் பின்பற்றியவர், ஒரே பெயர்! உண்ணும் இடத்திலே சாதி குறுக்கிட்டது, தீட்சையிலே குறுக்கிட்டது, சுடுகாட்டிலே குறுக்கிட்டது. பெயரிலே மட்டும் நுழைய முடியவில்லை. வைணவத்துக்கு வெளியிலும் அப்படியே. திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி சைவர். அகப்பொருள் இலக்கணம் எழுதிய நாற்கவிராச நம்பி சமணர் என்பது அறிஞர் கருத்து.

நுழைய முடியாத இடத்திலே வேறு வேடத்திலே நுழைந்தார்கள். வடமொழியிலே குருக்களின் வரலாற்றை எழுதியவர்கள், நம்பி என்ற சொல்லை நம்பி என்றே எழுதியிருக்கலாம். பெயரை யாராவது மொழிபெயர்ப்பார்களா? மொழிபெயர்த்தார்கள்! குணங்கள் நிறைந்தவன் என்று நம்பிக்கு உரை கூறி, நிறைந்தவன் என்பதைப் பூர்ணன் ஆக்கி, திருக்கச்சி நம்பியைக் காஞ்சீபூர்ணர் என்றனர். பெரிய நம்பி மகாபூர்ணர் ஆனார். திருக்கோட்டியூர் நம்பி கோஷ்டீபூர்ணர் ஆனார். திருமலை நம்பியோ ஸ்ரீசைலபூர்ணர்! விருப்பம் என்னும் பொருளிலே பிறந்த சொல், உரைகாரர் தந்த நிறைவு என்னும் பொருள் வழியே வடமொழிக்குப் போய்ச் சேர்ந்தது. திருமறைக்காட்டை வேதாரண்யமாகவும், திருமுதுகுன்றத்தை விருத்தாசலமாகவும் ஆக்கிய அதே கைவரிசை, ஆட்களின் பெயரிலும் விளையாடியது. மயிலாடுதுறை மாயூரமாகி, மாயவரமாகி, 1982-இலே மீண்டும் மயிலாடுதுறை ஆயிற்று. ஊருக்கு அரசாணை போதும். ஆளுக்கு?

மலையாள நாட்டிலே வேறு விதமான விபத்து. அங்கே இந்தச் சொல் சாதியின் பெயராகவும் பட்டமாகவும் இறுகிவிட்டது. நம்பி, நம்பிடி, நம்பியார், நம்பூதிரி என்று ஒவ்வொன்றும் ஒரு படி, ஒவ்வொரு படிக்கும் ஓர் எல்லை. நம்பூதிரிச் சொல்லின் மூலம் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஒலியின் உறவு காதிலே விழாமற் போகாது. துள்ளற் பாட்டுக்குப் புகழ் தந்த குஞ்சன் நம்பியாருக்கு நம்பியார் என்பது குலம் காட்டும் ஒட்டு. தமிழ்நாட்டிலும் வைணவக் கோயில் அர்ச்சகர்களை நம்பிமார் என்று அழைக்கும் வழக்கு வந்தது. நம் தோழர்களின் முகச்சுளிப்புக்குக் காரணம் அந்த வழக்குத்தான். ஆனால் ஒருவன் நம் வீட்டுப் பொருளை எடுத்துச் சென்று தன் முற்றத்திலே வைத்துக்கொண்டான் என்றால், அது அவன் பொருள் என்று நாமே எழுதிக் கொடுப்பதா?

பெயரோடு சாதி ஒட்டிக்கொள்வதை அறுத்தெறியும் முயற்சியும் இந்த மண்ணிலேதான் நடந்தது. பூந்தமல்லி அந்நாளிலே செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். அந்தச் செங்கற்பட்டிலே 1929 பிப்ரவரி 17, 18 நாள்களிலே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விலக்க வேண்டும் என்று தீர்மானித்தது. தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனார் நாடார் என்னும் பட்டத்தை விட்டார். பெரியார் தம் பெயரின் வாலை 1927 இறுதியிலேயே ஏட்டின் முகப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். வேறு பல மாநிலங்களிலே கல்வி கற்றவரும் சாதியைப் பெயரின் கடைசியிலே சுமந்து திரிய, தமிழன் தலைப்பெழுத்தும் பெயருமாக நிற்பது அந்தப் போராட்டத்தின் விளைவு.

மற்றொரு பக்கத்திலே, வேதாசலம் மறைமலை ஆனார். சூரியநாராயணர் பரிதிமாற்கலைஞர் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். புறநானூற்று நம்பியின் பெயரிலே பாதி, அவ்வாறு மேடைக்கு வந்துவிட்டது. மற்றப் பாதி கோயிலிலேயே நிற்கிறது.

பெயரின் செய்தி சிறு செய்தி என்று எண்ணுவோர், சென்ட்ரலிலிருந்து மேற்கே செல்லும் சாலையைப் பார்க்கட்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலையாக இருந்தது, பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை ஆயிற்று. 2021 ஏப்ரலிலே அங்கே கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு என்று வெள்ளையன் காலத்துப் பெயர்ப் பலகைகள் முளைத்தன; கண்டனம் எழுந்தது. ஒரு பலகைக்கு இவ்வளவு ஆத்திரமா என்று கேட்டவர்கள், ஒரு பலகையை மாற்ற அவ்வளவு ஆர்வம் ஏன் என்று கேட்கவில்லை.

இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், ஷ், ஸ், ஜ் இல்லாத பெயரைத் தேடவேண்டியிருக்கிறது. பொருள் என்ன என்று பெற்றவரைக் கேட்டால், எண் சோதிடர் கூட்டிக் கொடுத்தார் என்கின்றனர். தாத்தாவின் பெயரிலே குப்பனும் முனியனும் இருந்ததை எண்ணி வெட்கப்படுகிறவர்கள், பொருள் தெரியாத ஒலியைச் சூட்டி மகிழ்கின்றனர். வெட்கத்துக்குக் காரணம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒடுக்கப்பட்ட வீட்டிலே நல்ல பெயர் வைத்தால் ஆண்டைக்குப் பொறுக்காத காலம் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு, விரும்பப்படுபவன், ஆடவருள் சிறந்தவன் என்று பொருள்படும் ஒரு பெயரைக் காட்டினால், அதை வாங்கிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. மாறனேர் நம்பி முன்பே அந்த உரிமையை எழுதி வைத்திருக்கிறார்.

வளர்ந்தவர்கள் மாற்றிக்கொள்ள விரும்பினால் அரசிதழிலே வெளியிட்டால் போதும். பிறந்த பிள்ளைக்கு அதுவும் தேவையில்லை. தந்தையின் தலைப்பெழுத்து ஒன்று, தாயின் தலைப்பெழுத்தும் சேர்த்தால் இரண்டு, அதன்பின் நம்பி, பெண்ணானால் நங்கை. ஐந்து எழுத்துக்குள் அடங்கிவிடும். அதைப் படிக்கும் அலுவலக எழுத்தர், இவன் வணிகனா, பார்ப்பனனா, தாழ்த்தப்பட்டவனா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், ஆயிரம் ஆண்டுக்கு முன்னர் திருவரங்கத்திலே கண்டுபிடிக்க முடியாதது போலவே, இன்றும் பெயரைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது.